ஐகானைத் தட்டினால் காணாமல் போகும் கிளாஸ்

மணலியில் ஒரு லாரி எடைமேடைக்கு ஜாவாவில் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். இரண்டாயிரமாம் ஆண்டைத் தாண்டிய புதிது. மேடை காட்டும் எடை கம்பி வழியாக நேரே கம்ப்யூட்டருக்கு வந்து சீட்டில் அச்சாகிவிடும். கையால் எண்ணைத் தட்ட வேண்டாம்.

என்னைவிட அதற்கு அவசரப்பட்டவர் அங்கே எடை போடும் அண்ணன்தான். டேங்கர் எடையை அவர் கூட்டிக் குறைத்து எழுதுவதாக ஆபீசில் யாரோ வத்தி வைத்திருந்தார்கள்.

"மிஷினே எழுதட்டும் மேடம். அப்பால எவன் இன்னா சொல்லிடுவான்?" என்றார்.

அந்த வாரத்துக்குள் புரோகிராம் ஓடாவிட்டால் மறுபடி நோட்டில் கையால் எழுதுவதுதான், அவர் வேலையும் போய்விடும்.

நான் ஓட்டினால் ஓடியது. அவர் திரையிலிருந்த ஐகானைத் தட்டினால், ஒரு கிளாஸைக் காணோம் என்று ஆங்கிலத்தில் நாலு வரி காட்டிவிட்டு நின்றது. கிளாஸ் என்றால் புரோகிராமின் ஒரு துண்டு. எடைமேடையிடம் கேட்டு எடையை வாங்கும் துண்டுதான் காணவில்லையாம். அதே கம்ப்யூட்டர், அதே புரோகிராம். ஆள் பார்த்தா ஓடும்? எரிச்சலாகவும் இருந்தது, விட்டுவிட்டுப் போகவும் மனசு வரவில்லை.

மூன்றாம் நாள் கேட்டேவிட்டேன். "அண்ணே, எதையாவது அழிச்சிட்டீங்களா?"

அவர் முகம் தொங்கிப்போனது. "அழிக்கத் தெரிஞ்சா நான் இன்னாத்துக்கு மேடம் இங்க குந்திகினு கீறேன்?" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து அந்த ஐகானை நானே தட்டினேன். மூன்று நாளில் அதுதான் முதல் தடவை. எனக்கும் அதே நாலு வரி!

அப்படியானால் ஐகான் எந்த ஜாவாவைக் கூப்பிடுகிறது? தேடினால் அந்தக் கம்ப்யூட்டரில் இரண்டு ஜாவா இருந்தன. நான் கறுப்புத் திரையில் கட்டளை தட்டி ஓட்டியது ஒன்று, ஐகான் ஓட்டியது இன்னொன்று. எடை வாங்கும் துண்டை நான் முதலாவதில் மட்டும் போட்டிருந்தேன். முழுக்க என் கோளாறு. மற்றதிலும் போட்டேன்.

"தப்பு என்னோடதுதான் அண்ணே, மன்னிச்சிடுங்க" என்றேன். வெட்கமாக இருந்தது. அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். ஒரு டேங்கர் மேடையேறியது. ஐகானைத் தட்டினார். எடை திரையில் வந்து, சீட்டு அச்சாகிப் பிரிண்டரில் தொங்கியது.

அவர் அதைத் தொடவில்லை.

"நீயே கிழிச்சி ஆபீஸ்ல குடு மேடம். என் கை பட்டா நம்ப மாட்டானுங்க."