பால் தீய்ந்த காலை

அடுப்பில் பால் தீய்ந்துகொண்டிருந்தது. நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்து நோட்டில் எண்களை எழுதிக்கொண்டிருந்தேன். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என் மனைவி ஸ்டெல்லா ஓடிவந்தாள்.

"இன்னாங்க இது, மாடி வரைக்கும் தீயுற நாத்தம் வருது. பக்கத்துலயே உக்காந்துனு இருக்கீங்க!"

பாத்திரத்துக்கு மேல் முகத்தைக் கொண்டுபோனேன். சூடு அடித்தது, வாசனை இல்லை.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் இருக்கிறேன். இத்தாலியிலிருந்து தினமும் வரும் மெயில் ஒருநாள் நின்றது. அன்று தொடங்கிய கொரோனா நோட்டு அது. இடது பக்கம் உலக நாடுகள், வலது பக்கம் நம் மாநிலம், கீழே நம் மாவட்டம். எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று தினமும் கோடு போடுவேன். கோடு சென்னைக்கு வந்தது, வேலூருக்கு வந்தது. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தால் வீட்டுக்குள் வராது என்று ஒரு முட்டாள் நம்பிக்கை. வாசனை போவது ஓர் அறிகுறி என்பதைக்கூட அதில் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன்.

ஆனால் நான் தோல் ஊரில் பிறந்தவன். டேனரி (தோல் பதனிடும் ஆலை) நாற்றம் எங்களுக்கு உறைக்காது, அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஸ்டெல்லா குடியாத்தத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஊரடங்கு தளர்ந்து ஆலைகள் திறந்த அன்று, "நாத்தம் ஜாஸ்தியா இருக்குது, உங்களுக்கு வரலையா?" என்று கேட்டாள்.

"உன் மூக்கு இன்னும் குடியாத்தத்துலயே இருக்குது" என்று கிண்டலடித்தேன். அடுத்த மூன்று நாளும் அவள் கேட்டாள், நான் சிரித்தேன். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அதற்கு மறுநாள்தான் பால் தீய்ந்தது.

பரிசோதனையில் இருவருக்கும் தொற்று. எனக்கு லேசான காய்ச்சலோடு போயிற்று. அவளுக்கு ஐந்தாம் நாள் மூச்சு வாங்கியது. ஆக்ஸிமீட்டர் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டும் கருவி) எண்பத்தெட்டு காட்டியது. வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். என்னை உள்ளே விடவில்லை.

டாக்டர் போனில்தான் பேசினார். "ரெண்டு பக்கமும் நிமோனியா (நுரையீரல் அழற்சி) சார். இப்ப எதுவும் சொல்ல முடியாது."

"நான்தான் டாக்டர் அவளுக்குக் குடுத்துட்டேன்."

"அதைப் பார்க்க இப்ப நேரமில்ல. அவங்களைக் குப்புறப் படுக்கச் சொல்லுங்க, அப்பதான் ஆக்சிஜன் ஏறும். எங்க பேச்சைக் கேக்க மாட்டேங்கறாங்க."

அவளுக்குப் போன் செய்தேன். "குப்புறப் படும்மா, ஸ்டெல்லா."

மூச்சு வாங்கிக்கொண்டே, "இன்னிக்கு... நோட்டு எழுதினீங்களா?" என்றாள்.

எழுதவில்லை. எந்த நாட்டில் எவ்வளவு என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. காலையும் மாலையும் நர்ஸ் சொல்லும் ஒரே எண்ணுக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். தொண்ணூறு. எண்பத்தேழு. அந்த எண்பத்தேழு அன்று, செத்துவிடுவாள் என்றே நினைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மாடிப்படியில் இப்போதும் இரண்டு இடத்தில் நின்றுதான் ஏறுகிறாள். எனக்கு வாசனை திரும்பவில்லை. உங்கள் வீட்டில் யாராவது "உனக்கு வரலையா?" என்று கேட்டால், தயவுசெய்து சிரிக்காதீர்கள்.

நோட்டை மூடிவைத்துவிட்டேன். காலையில் அவள் ஜன்னலைத் திறக்கும்போது எழுந்து உட்காருகிறேன்.

"வருதா?"

"வருது, கொடலப் பொரட்டுது. இன்னும் எத்தினி நாளைக்கு இதையே கேப்பீங்க?"

தெரியவில்லை. நாளைக்கும் கேட்பேன்.