கண்ணாடி ஓட்டின் வெளிச்சம்

கொத்தமங்கலத்தில் நான் காவல் இருக்கும் பெரிய வீட்டின் இரண்டாங்கட்டு அறையைப் போன வாரம்தான் திறந்தோம். பல வருஷம் பூட்டிக் கிடந்தது; இப்போது வீடு ஓட்டலாகப் போகிறது. கதவு முனகியதுமே வௌவால் புழுக்கையும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த வாடை முகத்தில் அறைந்தது. காற்றைச் சோதிக்க மதுரையிலிருந்து ஒரு பெண் சின்னப் பெட்டியோடு வந்திருந்தார். பெட்டி காற்றை உறிஞ்சும். உள்ளே நூல் போல லேசர் ஒளி. அதைக் கடக்கிற ஒவ்வொரு துகளும் வெளிச்சத்தைத் தெறிக்கவிடும்.

"தெறிக்கிறத வச்சு என்ன அளவுன்னு தெரியும்ணே. உயிருள்ளது வேற மாதிரி மினுங்கும்" என்றார்.

நான் எட்டாவதோடு நின்றவன்; கவலைப்படுவதில் மட்டும்தான் மேற்படிப்பு. ஆனாலும் புரிந்தது. அந்தப் பெட்டிக்குள் நடப்பதை நான் வெளியிலேயே பார்த்தவன்.

என் மனைவி வள்ளியின் அண்ணனும் நானும் வாலிபத்தில் இப்படிப் பூட்டிய வீடுகளைக் கல்யாணங்களுக்காகத் திறந்து பெருக்கித் தருவோம். கூரையில் ஒற்றைக் கண்ணாடி ஓடு இருக்கும். அதன் வழியே வெயில் தூணாக இறங்கும். சும்மா கிடப்பதாகத் தெரிந்த காற்று, அந்தத் தூணுக்குள் மட்டும் கொதிக்கும். மச்சான் அதற்குள் போய் நின்று துண்டை உதறுவார்.

"வாங்க மாப்ள, தங்கத்துல குளிங்க! ஏன் புதுப்பொண்ணாட்டம் அங்குட்டே நிக்கிறீக?"

நான் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நிற்பேன்.

பிறகு அவருக்கு இருமல் வந்தது. சளிக்குப் பார்த்தார்கள், காசத்துக்குப் பார்த்தார்கள், எதற்கும் அடங்கவில்லை. என்ன நோய் என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

பெட்டியின் திரையில் கோடு ஏறிக்கொண்டே போனது. "பூஞ்சை வித்து மாதிரி இருக்குண்ணே. எந்தப் பூஞ்சைன்னு வளத்துப் பாத்துத்தான் சொல்லணும். அதுவரைக்கும் யாரும் உள்ள போக வேணாம்."

ஓட்டல் மேலாளர் தலையாட்டினார். சோதிக்க வந்த பெண்ணின் கார் தெரு திரும்பியதும் வேலையை ஆரம்பிக்கச் சொன்னார். கூட்டிப் பெருக்க அமர்த்தியிருப்பது வள்ளியை.

போகாதே என்றேன்.

"நெழலப் பாத்தாலும் பயப்படுவீக. வேலய விட்டுப்புட்டு ஒங்க பயத்தையா ஆக்கித் திங்கிறது?"

சோதனை முடிவு இன்னும் வரவில்லை. அதற்குள் ஏசிக்காகக் கூரைக்கடியில் பலகை அடித்துவிட்டார்கள். இந்த அறையிலும் இருந்த ஒற்றைக் கண்ணாடி ஓடு அதற்கு மேலே மறைந்துபோயிற்று. வெயில் தூணும் போயிற்று. இன்று காலையும் நான் வாசலில்தான் நின்றேன். வள்ளி துடைப்பத்தோடு வெளியே வந்தாள்.

"வந்துதான் பாருங்களேன். ஒரு பொட்டுத் தூசி தெரியுதா?"

சொல்லிவிட்டு, தொண்டையைச் செருமினாள்.