சித்தியின் இரண்டு பெஞ்சுகள்

என் சித்திக்கு லிஃப்ட் என்றால் பயம். கேஸை மூடிவிட்டுப் படியிறங்கியவள் பாதியில் நின்று, மறுபடி ஏறிப்போய்க் குமிழைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருவாள். சித்தப்பாவுக்குக் கப்பலில் மெக்கானிக் வேலை. டிவியில் வானிலை அறிக்கை ஓடும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பிருக்காது.

ஆனால் சாயங்காலம் முன்னறையில் பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிட்டால் ஆளே வேறு. பரீட்சைக்கு வரும் வாதக் கட்டுரையை எப்படி எழுதுவது என்று டியூஷன் எடுக்கிறாள். அறையில் எதிரெதிராக இரண்டு பெஞ்சுகள். தலைப்பை ஒப்புக்கொள்பவர்கள் ஜன்னல் பக்கம், மறுப்பவர்கள் சுவர்ப்பக்கம். ஒருவர் தன் கட்டுரையை வாசிப்பார். கேட்டு மனம் மாறியவர் எழுந்துபோய் எதிர்ப்பக்கம் உட்கார்ந்துவிட வேண்டும். மாறாதவர், தன்னுடைய எந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை என்று சொல்ல வேண்டும். "சும்மா தோணுச்சு" என்றால் விடமாட்டாள். இந்தச் சட்டம் அவளுக்கும் உண்டு. அவள் எப்போதும் சுவர்ப்பக்கம்தான்.

வேலைக்காக இந்த ஊருக்கு வந்ததிலிருந்து உள்ளறையில் நான் தங்கியிருக்கிறேன். கதவிடுக்கு வழியாக எல்லாம் கேட்கும்.

வகுப்பில் வாயாடிப் பையன் ஒருவன் உண்டு, பட்டப்பெயர் வக்கீல். ஒருநாள் தன் கட்டுரையை, 'சிந்திக்கத் தெரியாதவர்களே' என்று ஆரம்பித்திருந்தான்.

"ஏன்டா, முதல் வரியிலயே அடிச்சுட்டா அப்புறம் எவன் உன் கூட உக்காந்து பேசுவான்?" என்றாள் சித்தி. "படிக்கறவன் எதுக்குப் பயப்படறான்னு கண்டுபிடி. அதை அவனை விட நல்லா நீயே எழுது. அப்பதான் 'அட, இவனுக்குப் புரியுதே'ன்னு காது குடுப்பான்."

சித்தியின் மகளும், அதாவது என் தங்கையும், அந்த வகுப்பில்தான் இருந்தாள். பதினெட்டு முடிந்தவள். தீயணைப்புப் படையில் பெண்கள் சேரலாம் என்று எழுத எடுத்திருந்தாள். அடுப்படியில் சித்தி காய் நறுக்க, இவள் பக்கத்தில் நின்று வாசிப்பாள்.

"யாருக்குடி எழுதறே?"

"ஒரு அம்மாவுக்குன்னு வச்சுக்கோயேன்."

"அப்ப இந்தப் புள்ளிவிவரம்லாம் வேலைக்கே ஆகாது. புகையை எழுது. உள்ள போனவ வெளிய வரலைன்னா? அந்தம்மா மண்டைக்குள்ள அதுதான் ஓடும். கூரை இடிஞ்சு விழுந்தா? கயிறு அறுந்தா? ஒவ்வொண்ணா எடுத்துப் பதில் சொல்லு."

சொல்லச் சொல்லக் கத்தி நின்றுபோயிற்று. பிறகு அவளே சிரித்து, "பாவம் அந்தம்மா," என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தங்கையின் உள்ளங்கைகளில் தோல் உரிந்திருந்ததை நான் பார்த்திருந்தேன். மாடிப்படியில் மடக்கிக் கேட்டேன்.

"கயிறு ஏறினதுண்ணா. உடல் தகுதித் தேர்வு பாஸ். வர்ற திங்கக்கிழமை பயிற்சியில சேரணும். அப்பாகிட்ட போன்ல சொல்லிட்டேன். அம்மாவைச் சம்மதிக்க வைக்கறது உன் பாடுன்னுட்டார்."

"சித்தி மாட்டேன்னா?"

"போவேன். ஆனா அம்மா அழுத முகத்தை நினைச்சுக்கிட்டு நான் ஏணியில ஏறினா கால் நடுங்கும்." குரலைத் தாழ்த்தினாள். "நீ வாயைத் திறந்தே, தொலைச்சுடுவேன்."

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தனக்கு எதிரான கட்டுரையைச் சித்தி தானே தீட்டிக்கொண்டிருந்தாள். கூர் போதாது, இன்னும் இன்னும் என்று.

வாசிக்கிற நாளில் நானும் போய்ச் சுவர்ப்பக்கப் பெஞ்சில், சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். தங்கை ஜன்னல் பக்கம் நின்று வாசிக்க ஆரம்பித்தாள். புகைக்குப் பதில் வந்தது. கூரைக்கு, கயிற்றுக்குப் பதில் வந்தது. நல்ல இடங்களில் சித்தி தலையாட்டினாள். நான் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

கடைசிப் பத்தி. "வரும் திங்கட்கிழமை காலை அந்தப் பெண் பயிற்சிக்குக் கிளம்புவாள். அவள் அம்மா முன்னறையில் இரண்டு பெஞ்சுகளையும் துடைத்துக்கொண்டிருப்பாள்."

சித்தியின் தலை அசைவது நின்றது. அவள் கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒவ்வொருவராக எழுந்து எதிர்ப்பக்கம் போனார்கள். சுவர்ப்பக்கத்தில் நாங்கள் இருவர்தான் மிச்சம்.

"டீச்சர்," என்றான் வக்கீல், "எதுக்குப் பதில் வரலைன்னு நீங்க சொல்லணும். உங்க சட்டம்."

சித்தி தங்கையைப் பார்த்தாள். "அந்தம்மா... அவ வீடு திரும்பற வரைக்கும் எப்படி உக்காந்திருப்பா?"

தங்கை தாளைப் புரட்டவில்லை. "அதுக்கு என்கிட்ட பதில் இல்லம்மா. எழுதி எழுதிப் பார்த்தேன். எது எழுதினாலும் பொய்யா இருந்துச்சு. அதான் விட்டுட்டேன்."

"அப்ப மார்க் போச்சு," என்றான் வக்கீல்.

"வாயை மூடுடா." சித்தி அவனைப் பார்க்கவேயில்லை. "பொய் சொல்லித் தேத்தியிருந்தா நான் இங்கயே உக்காந்திருப்பேன்."

என் தோளில் கையை ஊன்றி எழுந்தாள். இரண்டு பெஞ்சுக்கும் நடுவே இருந்த கொஞ்சம் தரையை, வண்டிகள் விரைகிற ரோட்டைக் கடப்பவள் போலத் தயங்கித் தயங்கிக் கடந்தாள். ஜன்னல் பக்கம் நுனியில் உட்கார்ந்தாள்.

"பயம் போச்சுன்னு நினைச்சுக்காதே. அதையும் தூக்கிட்டுத்தான் வந்திருக்கேன்."

தங்கை அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வக்கீலுக்குக்கூட விஷயம் புரிந்துவிட்டது; தலையைக் குனிந்துகொண்டான். சற்றுப் பொறுத்துத் தங்கை நிமிர்ந்து, எதிரே தனியாக இருந்த என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, நீ வரலையா?"

நான் பெஞ்சின் விளிம்பை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.

"அவனை விடுடி," என்றாள் சித்தி. "அந்தப் பக்கமும் ஒரு ஆள் இருக்கட்டும்."