உயிருள்ள தோல்

ஷெல் வீச்சில் இரண்டு கைகளையும் இழந்த நவரத்தினம், அகதி முகாமிலிருந்து சொந்த ஊரான பாப்பாமோட்டைக்குத் திரும்பியபின் பிளாஸ்டிக் விரல்களால் கணினி பழகினார். அரிசி மில்லில் பில் அடிக்கும் வேலையும் கிடைத்தது. பிறகு மில்லில் கீபோர்டை எடுத்துவிட்டுத் தொடுதிரை வைத்தார்கள். பழக்குவதற்கு வகுப்பும் நடந்தது.

அவருடைய விரலுக்குத் திரை அசையவில்லை.

"உயிருள்ள தோல் பட்டால்தான் வேலை செய்யும், அண்ணை," என்றாள் வகுப்பெடுத்த ஹம்சிகா. "பழைய கீபோர்டைக் கேட்டுப் பாருங்கோவன்."

"முதலாளியைக் கேட்டனான். ஏலாதாம்."

குனிந்து மூக்கால் தொட்டார். திரை திறந்தது.

"அண்ணை கொம்பியூட்டரைக் கொஞ்சுறார்!" என்று யாரோ சொல்ல, வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார்.

மறுநாள் அரிசி வாங்க வந்தவர்கள் முன்னால் அப்படியே பில் போட்டார். முதலாளி அருகில் வந்தார்.

"பில்லிலை பிழை இருக்கோ ஐயா?"

"இல்லை, நவரத்தினம். சனம் சிரிக்குது. வீட்டை போங்கோ."