பைத்தியம் தெளிஞ்சதுக்குச் சர்க்கரை

என் தம்பி செத்தது குமாரோட படகு மோதி. குமாரை வெட்டணும்னு முடிவு பண்ணேன். பைத்தியம்னு பேர் வாங்கிட்டா ஜெயில் இல்லைனு நெனச்சு, ரெண்டு மாசம் கிழிஞ்ச லுங்கியோட எங்க ஊர் தோணிரேவுல பினாத்திட்டுத் திரிஞ்சேன். என் பொண்டாட்டி அழுதழுது ஓய்ஞ்சிட்டா.

ஏரியில வலை போட எங்க முறை வந்த அன்னிக்கு, கூடை நிறைய எறாலோட குமார் வாசல்ல நின்னான். "அண்ணனுக்குப் பதிலா நான் வலை போட்டேன் அண்ணி. அவரு இப்படி ஆனது என்னாலதான்"னு அழுதான். கதவுக்குப் பின்னால கத்தியோட நின்ன எனக்குக் கை எழும்பலை.

மறுநாளே தெளிஞ்சவனா எழுந்தேன். குமார் எனக்காக தர்காவுல சர்க்கரை குடுத்து ஓத வெச்சு, எடுத்துட்டு வந்து ஊட்டினான். அதுக்கு வாயைத் தொறந்தேன். நடிச்சேன்னு சொல்ல இன்னிக்கு வரைக்கும் தொறக்கலை.