ஊருக்குப் போகாத கிறிஸ்துமஸ் தாத்தா

கிறிஸ்துமஸில் தொடங்கி காணும் பொங்கல் வரை என் சிவப்பு நைட்டி எங்கள் தெருவில் நடமாடியது. உள்ளே நான் இல்லை, என் தம்பி இருந்தான். இதைப் படித்துவிட்டு எங்கள் குடும்பத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நைட்டியை நான் போட்டுக்கொண்டது இரண்டே முறைதான் என்பது மட்டும் இன்றுவரை எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

படூருக்கும் கேளம்பாக்கத்துக்கும் நடுவில், பெரிய அடுக்குமாடிகளின் முதுகுப் பக்கம் இருக்கிறது எங்கள் தெரு. பாதி வீடுகளில் வாசலுக்கு மேல் சிலுவை, மீதி வீடுகளில் மாரியம்மன் படம், எங்கள் வீட்டில் இரண்டும். அம்மா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போவாள். அப்பா இருந்தவரை ஆடி மாதம் கூழ் அண்டாவைக் கிளறுகிற வேலையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த குடும்பங்கள்தான் எல்லாம். இப்போது ஒரு வீட்டில் ஆட்டோ, ஒரு வீட்டில் நர்ஸ், ஒரு வீட்டில் பேங்க். நான் ஒரு கல்லூரியின் அட்மிஷன் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

தம்பிதான் எங்கள் தெருவிலிருந்து முதன்முதலாகக் கழுத்தில் கம்பெனி அட்டை மாட்டிக்கொண்டு போனவன். அவன் போகும்போது பெண்கள் கோலத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். பிறகு ஆட்குறைப்பு என்று சொல்லி கம்பெனியில் அந்த அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவனோடு இன்னும் பலபேருக்கும் அதே கதிதான். ஆனால் மற்றவர்கள் யாரும் எங்கள் தெருவில் குடியிருக்கவில்லை.

எங்கள் தெருவுக்குப் பொறாமை கிடையாது. பிரச்சினையே அதன் அன்புதான். எதிர் வீட்டு அத்தை காலையிலிருந்து வாசலில் பூண்டு உரிப்பாள். அத்தனை பூண்டை அந்த வீட்டில் யார் தின்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தம்பி செருப்பை மாட்டும் சத்தம் கேட்டாலே நிமிர்ந்து, "இன்னாடா, வேல ஆச்சா?" என்பாள். "இன்னும் இல்ல அத்தை" என்பான். பால் வாங்கிக்கொண்டு திரும்புவான். அதற்குள் கிடைத்திருக்குமோ என்று மறுபடியும் கேட்பாள். அத்தை ஆரம்பித்து வைத்தால் டீக்கடை, அயர்ன் வண்டி, மாவு மில் என்று எல்லோரும் அதையே கேட்டார்கள். பின்பக்கச் சந்து வழியாகப் போய்ப் பார்த்தான். அங்கே அத்தையின் தங்கை இருந்தாள்.

ஒரு நாள் செருப்பை மாட்டுவதையே நிறுத்திவிட்டான். வீட்டுக்குள்ளேயே கிடந்தான். முதலில் கோபமாக இருந்தான், பிறகு கோபமும் போய்விட்டது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. பேசினால் பதில் வரும், ஆனால் எங்கேயோ பக்கத்து அறையிலிருந்து வருவதைப் போல் வரும். எங்கள் வீட்டில் இருப்பதே ஒரே அறை. அம்மா சர்ச்சில் ஜெபம் வைத்தாள், அம்மன் கோவிலில் எலுமிச்சம்பழம் மந்திரித்து வாங்கினாள். தம்பி அந்தப் பழத்தில் ஜூஸ் போட்டுக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டான்.

அந்த நிலைமையில்தான் கேரல் ரவுண்ட்ஸ் வந்தது. கிறிஸ்துமஸுக்கு முன் சர்ச் பாடகர் குழு வீடு வீடாகப் பாடிக்கொண்டு போகும். முன்னால் கிறிஸ்துமஸ் தாத்தா ஆடிக்கொண்டு போவார். மேரியம்மா வீடு, முனியம்மா வீடு என்று எங்கள் தெருவில் பார்ப்பது கிடையாது. தாத்தா ஒரு வீட்டை விட்டுவிட்டால் பொங்கல் வரைக்கும் பேச்சுவார்த்தை இருக்காது.

குழுவின் தலைவர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பாடுவார், மற்ற நாட்களில் கண்ணைத் திறந்துகொண்டு பாடுவார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"எலி பூந்து தாத்தா டிரஸ்ஸ கொதறி வச்சிகீதும்மா. மாஸ்க் மட்டும் தப்பிச்சிச்சி. வழக்கமா ஆடுற அண்ணாத்தைக்கு வேற இடுப்பு புட்சிகினு எழுந்துக்க முடியல. செவப்புத் துணி ஏதனா கீதா?"

அம்மா கொஞ்சமும் யோசிக்காமல் கொடியில் தொங்கிய என் நைட்டியை உருவினாள். சிவப்பு நைட்டி, உடம்பெல்லாம் மஞ்சள் சூரியகாந்திப் பூ. நான் கத்துவதற்குள் அவர் அதை விரித்து அளவு பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கட்டிலில் சுருண்டிருந்த தம்பியைப் பார்த்தார். மறுபடி நைட்டியைப் பார்த்தார்.

"நீ போட்டுக்கோயேன்" என்றார்.

தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஒண்ணும் கஷ்டம் இல்லப்பா. தாத்தா வாயத் தொறக்கக் கூடாது. உள்ள யாருன்னு எவனும் கேக்கக் கூடாது, தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது. எங்க அப்பா காலத்துலர்ந்து அதான் ரூல்ஸு."

சுவரிலிருந்து ஒரு குரல் வந்தது. "அப்போ என்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்களா?"

"உன்கிட்ட யாருடா கேக்கப் போறா? நீதான் தாத்தாவாச்சே."

தம்பி எழுந்து உட்கார்ந்தான்.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் கிளம்பினார்கள். என் நைட்டியின் கையிலும் ஓரத்திலும் பஞ்சு ஒட்டி, என் துப்பட்டாவை இடுப்பில் கட்டி, அம்மாவின் தலையணையை வயிற்றில் திணித்திருந்தார்கள். அந்தத் தலையணை நாலாவது வீட்டிலேயே நழுவி முதுகுக்குப் போய்விட்டது. தாத்தா கவனிக்கவில்லை, ஆடிக்கொண்டே இருந்தார். தெரு நாய்கள் எல்லாம் முதலில் குரைத்தன. பிறகு செருப்பை முகர்ந்து பார்த்துவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தன. நாய்களுக்கு ரூல்ஸ் தெரியாது.

எதிர் வீட்டில் அத்தை கற்பூரம் ஏற்றித் தாத்தாவுக்கு ஆரத்தி எடுத்தாள். மாஸ்க்கின் நெற்றியில் குங்குமம் வைத்தாள். அப்புறம் குனிந்து கால்களைப் பார்த்தாள். வார் அறுந்து ஊக்கு குத்திய நீலச் செருப்பு. தினமும் எந்தச் செருப்பின் சத்தத்துக்கு நிமிர்வாளோ அதே செருப்பு. என் நைட்டியை அவள் ஏற்கெனவே கொடியில் பார்த்து விலை விசாரித்திருக்கிறாள். அத்தை வாயைத் திறந்தாள். "வேல" என்று ஆரம்பித்தேவிட்டாள். பாடகர் குழுத் தலைவர் டிரம்மை ஓங்கி அடித்தார்.

அத்தை வார்த்தையை அப்படியே விழுங்கினாள். அவள் வாழ்க்கையில் அதற்கு முன் எதையும் விழுங்கியதாக எனக்கு நினைவில்லை. திணறிப் போய், "வேல… வேலமெனக்கெட்டு அவ்ளோ தூரத்துலர்ந்து வந்துகிறியே தாத்தா, உங்க ஊர்ல மழையா?" என்றாள். தாத்தா இல்லை என்று தலையாட்டினார். அத்தை அவர் கையில் வடையை வைத்தாள். மாஸ்க்குக்கு வாயில் ஓட்டை கிடையாது. தாடைக்குக் கீழே கையை விட்டு அவர் அதைத் தின்ற விதத்தைப் பார்த்து அம்மா சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அம்மா சிரித்ததைப் பார்த்தேன்.

கிறிஸ்துமஸ் முடிந்தது. இதோடு விஷயமும் முடிந்தது என்று நானும் நைட்டியை ஊற வைக்கப் போனேன். காலையில் பால் தீர்ந்திருந்தது. "நான் போறேன்" என்றான் தம்பி. நானும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவன் நைட்டியை மாட்டினான், தலையணையைத் திணித்தான், மாஸ்க்கைப் போட்டான், பால் வாங்கிக்கொண்டு வந்தான்.

அன்றிலிருந்து தாத்தாதான் எங்கள் வீட்டு வெளிவேலை எல்லாம் பார்த்தார். ரேஷன் கடை வரிசையில் நின்றார். மாவு அரைத்துக்கொண்டு வந்தார். அம்மாவின் பிரஷர் மாத்திரைக்காக ஷேர் ஆட்டோவில் கேளம்பாக்கம் போய்வந்தார். முட்டுக்காட்டுக்குப் படகு சவாரி போகக் கிளம்பிய கல்லூரிப் பிள்ளைகள் அவரை நிறுத்தி செல்ஃபி எடுத்தார்கள். டீக்கடைக்காரர் தாத்தாவுக்கு மட்டும் டீயில் ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தார். பெஞ்சில் இருந்தவர்கள், "குந்து தாத்தா" என்று நகர்ந்து இடம் விட்டார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. வாயை மூடத் தெரியாத ஒரு தெரு தம்பிக்காக இல்லாவிட்டாலும் தாத்தாவுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தது. வாய் தவறிக் கேட்ட அயர்ன்காரரை அத்தையே ஓரமாகக் கூட்டிக்கொண்டுபோய்த் திட்டினாளாம்.

தெருப் பிள்ளைகளுக்குத்தான் குழப்பம். புது வருஷமும் பிறந்துவிட்டது, தாத்தா ஏன் இன்னும் ஊருக்குப் போகவில்லை?

"பஸ்ஸு கெடைக்கல" என்றாள் அத்தை.

"தாத்தாவுக்கு மான் வண்டிதானே?"

"மானுக்கு ஒடம்பு சரியில்ல. போய்ப் படிங்க."

என் கஷ்டம் யாருக்கும் புரியவில்லை. தினமும் சாயங்காலம் நைட்டியைத் துவைக்க வேண்டும், பஞ்சைத் திரும்ப ஒட்ட வேண்டும், காலையில் காய்ந்திருக்க வேண்டும். ஈரமாக இருந்தால் தாத்தா முறைப்பார். மாஸ்க் சிரித்துக்கொண்டேதான் இருக்கும், ஆனால் உள்ளே முறைக்கிறான் என்று அக்காவுக்குத் தெரியாதா?

ஆரம்பத்தில் சந்தோஷமாகத்தான் இருந்தது. போகப் போக வேறு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. வெளியே போகாத தம்பி போய், தானாக வெளியே போக முடியாத தம்பி வந்திருந்தான். வீட்டுக்குள் மாஸ்க்கைக் கழற்றினால் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். அம்மாவும் கவலைப்பட ஆரம்பித்தாள். "லெந்து காலம், நோன்பு நாளு வந்துட்டா இன்னா பண்றது? சாம்பல் புதனுக்கு இவன் இப்டி வந்து நின்னா சர்ச் ஐயர் இன்னா சொல்வாரு?" என்றாள். மாஸ்க்கைத் திருப்பி வாங்கிக்கொள்ளும்படி பாடகர் குழுத் தலைவரிடம் கெஞ்சினேன்.

"வாங்கிடலாம்" என்றார். "வாங்கிட்டா மறுபடி வூட்டுக்குள்ள பூந்துக்குவான். அப்புறம் எந்தப் பண்டிகைய வச்சி வெளிய இட்டுகினு வர்றது? அவனா கழட்டட்டும்மா."

"கழட்டலன்னா?"

அவர் ஆட்டோவைத் துடைக்க ஆரம்பித்தார்.

காணும் பொங்கல் அன்று தெருவில் போட்டிகள் நடக்கும். மியூசிக் சேர், லெமன் ஸ்பூன், கடைசியாகப் பானை உடைப்பது. மைக் பிடிப்பவர் டீக்கடைக்காரர். பானை உடைக்க ஆள் கூப்பிடும்போது, "அடுத்ததா, பனிப் பிரதேசத்துலர்ந்து நம்ம தெருவுக்கு வந்து, வந்த எடத்துலயே தங்கிட்ட நம்ம தாத்தா!" என்றார். சூரியகாந்திப் பூக்கள் குலுங்கக் கூட்டத்துக்கு நடுவிலிருந்து தாத்தா எழுந்தார். கிறிஸ்துமஸ் தாத்தா பொங்கலுக்குப் பானை உடைப்பதில் எங்கள் தெருவில் யாருக்கும் ஒரு ஆட்சேபணையும் இல்லை. மாஸ்க்கில் கண் ஓட்டை இருக்கிறதே, பார்த்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் வாக்குவாதம். மாஸ்க்குக்கு மேலேயே துண்டைக் கட்டினார்கள்.

மூன்று சுற்று சுற்றிவிட்டுக் கையில் கழியைக் கொடுத்தார்கள். தாத்தா நேராக டீக்கடைக்காரரை நோக்கி நடந்தார். "வேணாம் தாத்தா, வேணாம்" என்று அவர் மைக்கிலேயே அலறிக்கொண்டு ஓடினார். கூட்டத்தில் பாதி, "ரைட்ல போ" என்றது. மீதி, "லெஃப்ட்டு லெஃப்ட்டு" என்றது. தாத்தா ஸ்பீக்கர் பெட்டியை ஒரு போடு போட்டார். கரும்புக் கட்டை ஒரு போடு போட்டார். அத்தை பூண்டுத் தட்டோடு எழுந்து நின்று, "நேரா போ தாத்தா! எப்பவும் போவியே, பால் பூத்து பக்கம்! கழிய ஒசத்து! இப்போ அடி!" என்று கத்தினாள்.

அடித்தார். பானை உடைந்தது. குடம் நிறைய மஞ்சள் தண்ணீர் தலைமேல் கொட்டியது.

எல்லோரும் விசில் அடித்தார்கள். ஆனால் தாத்தா ஆடவில்லை. மூச்சு முட்டத் துண்டை இழுத்தார், முடிச்சு அவிழவில்லை. ஊறிப்போன தலையணை கனம் தாங்காமல் முழங்காலுக்கு இறங்கியது. நான் ஓடுவதற்குள் அவன் இரண்டு கையாலும் துண்டோடு சேர்த்து மாஸ்க்கைப் பிய்த்து எறிந்தான்.

விசில் நின்றது. மைக்கும் நின்றது. தாடி வளர்ந்து, மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட, என் நைட்டியில் தெரு நடுவே என் தம்பி நின்றான். மாஸ்க் சேற்றில் மல்லாந்து சிரித்துக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான். குனிந்து எடுத்துக்கொள்ளப் போகிறான் என்றுதான் நினைத்தேன். எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டால் இனி எதற்கும் வெளியே வரமாட்டான். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. இந்த இடத்துக்கு ரூல்ஸ் இல்லை.

அத்தைதான் நடந்து போனாள். முந்தானையை எடுத்து அவன் தலையைத் துவட்டினாள். அவள் வாயைத் திறந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எப்போடா வந்தே?" என்றாள்.

வெளியூருக்குப் போயிருந்தவனைக் கேட்பதைப் போலத்தான் கேட்டாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

"இப்பத்தான் அத்தை" என்றான். "இப்பத்தான் வந்தேன்."