எண்ணெய்க்கு நான் போட்ட பூஜ்யம்

எங்கள் பேராசிரியர் பொய் சொல்கிறார். குற்றாலத்து அருவிக்கரையில் புதிதாக நட்டிருக்கும் கைப்பிடிக் கம்பிகள் பல ஆண்டு தாங்கும் என்பது பொய். அந்தப் பொய்யைக் கணினியில் செய்து கொடுத்தவள் நான்.

நான் குற்றாலத்துக்குப் பக்கத்து இலத்தூர்க்காரி. அவரிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். அந்தக் கம்பி இரும்பு இல்லை. கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்துச் செய்தது. துருப்பிடிக்காது. ஆனால் பிசின் இளகினால் இழை பிரியும். பிரிந்தால் ஒருநாள் ஆளோடு முறியும்!

எப்போது முறியும் என்று கணிப்பதுதான் என் வேலை. அடியில் மூலக்கூறு, பிசினை எது அரிக்கிறது என்ற கணக்கு. அதற்கு மேலே இழையளவு விரிசல். அதற்கும் மேலே முழுக் கம்பி. எல்லாவற்றையும் நேராகக் கணக்கிட்டால் ஒரு பிறவி போதாது. ஆகவே கீழ்த்தட்டுக் கணக்கை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்து, அது ஊகித்துச் சொல்வதை மேல்தட்டுக்கு அனுப்புவோம். அடியில் ஒன்றை விட்டால் மேலே அதற்குத் தெரியவே தெரியாது. கற்றுக்கொடுக்காததை அது எங்கே போய்த் தேடும்?

வெயிலைக் கொடுத்தேன். சாரலைக் கொடுத்தேன். எண்ணெயையும் சோப்பையும்... கொடுக்கவில்லை.

குற்றாலத்தில்! உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் வழிய அருவிக்குப் போகிற இடத்தில்!

மறந்து விடவில்லை. கம்பித் துண்டுகளை எண்ணெயிலும் சோப்புத் தண்ணீரிலும் ஊறப்போட்டுப் பார்த்தேன். நகத்தால் கீறினால் பிசின் பெயர்ந்து வந்தது. பேராசிரியரிடம் காட்டினேன்.

“அங்க எண்ணெய்க்கும் சோப்புக்கும் தடைன்னு போர்டே இருக்குல்லம்மா? இல்லாத ஒண்ணை மாடல்ல எதுக்குச் சேர்க்கணும்?” என்றார்.

அந்தப் பலகைக்குக் கீழே நின்றுதான் கூட்டமே சோப்புப் போடும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். வாயைத் திறக்கவில்லை. என் ஆய்வேட்டில் அவர் கையெழுத்து வேண்டியிருந்தது. பூஜ்யம் என்று போட்டேன். திரையில் கம்பியின் பலத்தைக் காட்டும் கோடு ஆண்டுக்கணக்கில் சாயாமல் போனது... எவ்வளவு அழகான கோடு!

போன வாரம் அக்காவோடு அருவிக்குப் போனேன். தலையிலிருந்து எண்ணெய் சொட்ட, அவள் புதுக் கம்பியை இறுகப் பிடித்தாள்.

“ஏட்டி, கை வழுக்குது. என்னத்தக் கம்பி செஞ்சிய? எண்ணெயப் பத்தி ரோசிக்கவே இல்லியா?”

“கணக்குல சேக்கலக்கா.”

“ஒங்க கம்ப்யூட்டரு எண்ணெ தேய்க்காமலா குத்தாலத்துக்கு வந்துச்சு? அதுக்குச் சளி பிடிச்சிராதா!”

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கம்பியை நம்பிப் பிடிக்காதே என்று அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. நீங்களே சொல்லுங்கள், இது என்ன பிறவி?

வீட்டுக்கு வந்ததும் பேராசிரியருக்கு எழுதினேன். கம்பிகளைக் கழற்றச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். ‘அப்புறம் பேசலாம்’ என்று ஒற்றை வரி வந்தது. அந்தப் பூஜ்யத்தால் வாங்கிய பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தால் பிசின் இறுகிவிடுமா? சாரல் தொடங்கிவிட்டது. பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்குகிறார்கள்...

அப்புறம் வேண்டாம் ஐயா. தென்காசிக்கு, கலெக்டரின் குறைதீர் கூட்டத்துக்கு வாருங்கள். நானும் பக்கத்தில் நிற்கிறேன். என்னைக் காறித் துப்பட்டும், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அத்தனை பேர் முன்னால் நீங்கள் வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும். இந்தக் கம்பி தாங்குமா, தாங்காதா?